157 நாடுகள் அங்கீகரித்த பிறகு பாலஸ்தீனத்தில் என்ன மாறியிருக்கிறது?

நிலவன் கேட்டது:

வணக்கம். செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவன்தான், ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

2025 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல் நான்கும் ஒரே நாளில் பாலஸ்தீனத்தைத் தனிநாடாக அங்கீகரித்தன. மறுநாள் நியூயார்க்கில் பிரான்ஸ் அறிவித்தது, கூடவே லக்சம்பர்க், மால்டா, மொனாக்கோ என்று வரிசையாக வந்தன. ஐ.நா.வில் இருக்கும் 193 நாடுகளில் 157 நாடுகள் அங்கீகரித்துவிட்டன என்கிறார்கள், அதாவது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். ஆனால் அந்த அறிவிப்புகளுக்குக் கைதட்டல் விழுந்துகொண்டிருந்த அதே வாரத்தில் காசா நகருக்குள் டாங்கிகள் போய்க்கொண்டிருந்தன, மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்துகொண்டிருந்தார்கள். அந்தப் படங்களையும் இந்த அறிவிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பெரிய வருத்தம்தான் வருகிறது.

இத்தனை நாடுகள் ஏற்றுக்கொண்ட பிறகும் பாலஸ்தீனம் ஏன் ஐ.நா.வில் முழு உறுப்பினராக இல்லை? இந்த அங்கீகாரத்தால் அங்கே வாழ்கிற ஒரு மனிதருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? அப்புறம், இரு நாடு தீர்வு (இஸ்ரேலும் பாலஸ்தீனமும் தனித்தனி நாடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது) என்று எல்லா அரசுகளும் சொல்கிறார்களே, அது இன்னமும் நடக்கக்கூடிய ஒன்றுதானா? கோபப்படாமல் விளக்குங்கள், நான் யாரையும் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை.


கயல்விழி பதில்:

நல்ல கேள்வி. முதல் பகுதிக்கு மட்டும் இப்போது சொல்கிறேன்.

ஒரு நாட்டை அங்கீகரிப்பது ஒவ்வொரு அரசும் தனியாக எடுக்கும் முடிவு. ஐ.நா. உறுப்பினர் ஆவது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி எல்லோருக்கும் வருகிறது. 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அரபாத் பாலஸ்தீன நாட்டைப் பிரகடனம் செய்தார், அந்த வருடம் முடிவதற்குள்ளேயே கிட்டத்தட்ட 80 நாடுகள் அங்கீகரித்துவிட்டன. ஆசியா, ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், அன்றைய சோவியத் அணி என்று அந்தப் பட்டியல் இருந்தது. ஆகவே 2025-இல் நடந்ததைத் தொடக்கம் என்று நினைக்காதீர்கள். முப்பத்தேழு வருடமாக வெளியே நின்றுகொண்டிருந்த மேற்கு நாடுகள் அப்போதுதான் உள்ளே வந்தன. ஸ்வீடன் 2014-லேயே வந்துவிட்டது, 2024 மே 28 அன்று ஸ்பெயின், அயர்லாந்து, நார்வே மூன்றும் சேர்ந்து அறிவித்தன, சில நாள் கழித்து ஸ்லோவேனியா.

ஐ.நா. உறுப்பினர் ஆவதற்கு சாசனத்தின் 4-ஆவது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. முதலில் பாதுகாப்பு சபை பரிந்துரைக்க வேண்டும், அப்புறம்தான் பொதுச்சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஏற்க முடியும். பாதுகாப்பு சபையில் 15 பேரில் 9 வாக்கு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. 2011 செப்டம்பரில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் விண்ணப்பம் கொடுத்தார், அது குழுவிலேயே ஒருமித்த கருத்து இல்லாமல் நின்றுபோனது. 2024 ஏப்ரல் 18 அன்று வாக்கெடுப்புக்கே வந்தது: 12 நாடுகள் ஆதரவு, பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் வாக்களிக்காமல் இருந்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. ஒரே ஒரு கை உயர்ந்ததும் கதை முடிந்தது.

பொதுச்சபையால் செய்ய முடிந்ததை அது செய்திருக்கிறது. 2012 நவம்பர் 29 அன்று 138 வாக்குகளில் பாலஸ்தீனத்தை உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடு என்று ஏற்றார்கள். 2024 மே மாதம் 143 வாக்குகளில் இன்னும் சில உரிமைகள் கொடுத்தார்கள், அதனால் அந்த செப்டம்பரில் இருந்து பாலஸ்தீனத் தூதர் அகரவரிசைப்படி இலங்கைக்கும் சூடானுக்கும் நடுவில் உட்காருகிறார். தீர்மானம் கொண்டுவரலாம், திருத்தம் சொல்லலாம். வாக்களிக்க மட்டும் முடியாது.

இதனால் என்ன பயன் என்று கேட்டால், 2012-இல் கிடைத்த அந்த "நாடு" என்ற தகுதியை வைத்துத்தான் 2015-இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் பாலஸ்தீனம் சேர முடிந்தது. அதில் சேர்ந்ததால்தான் 2021-இல் அந்த நீதிமன்றம் காசா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம் மூன்றின் மேலும் தனக்கு விசாரணை வரம்பு உண்டு என்று தீர்ப்பளித்தது, 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, பாதுகாப்பு அமைச்சராக இருந்த கலாண்ட் இருவருக்கும் ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கத்தின் முகமது தெய்ஃபுக்கும் பிடியாணை பிறப்பித்தது. 2012-இல் அந்த வாக்கெடுப்பை வெறும் அடையாளம் என்றுதான் பலரும் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பிரதமர் எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த வான்வழியைத் தவிர்க்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலை அதிலிருந்துதான் வந்தது.


வடகரை பதில்:

கயல்விழி சொன்ன சட்டப் பகுதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிலவன் கேட்டது அங்கே வாழ்கிற மனிதரைப் பற்றி, அந்த மனிதருக்கு நீதிமன்றம் தூரம், சோதனைச்சாவடி பக்கம்.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் போட்ட ஆஸ்லோ ஒப்பந்தத்தில் இருந்து தொடங்கினால்தான் இது புரியும். 1993 செப்டம்பரில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் அரபாத்தும் கைகுலுக்கிய படம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குச் சில நாள் முன்பு இருவரும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள், அந்தக் கடிதங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அரபாத் எழுதிய கடிதத்தில் இஸ்ரேல் என்ற நாடு அமைதியாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும் உரிமையை பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்கிறது என்று இருக்கிறது. ராபின் எழுதிய பதிலில் அந்த இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்கிறோம், பேச்சுவார்த்தை தொடங்குகிறோம் என்று மட்டும்தான் இருக்கிறது. பாலஸ்தீன நாடு என்ற பேச்சே அதில் இல்லை. ஒரு பக்கம் நாட்டை அங்கீகரித்தது, இன்னொரு பக்கம் ஒரு அமைப்பை அங்கீகரித்தது. நாடு வேண்டும் என்றால் எங்களோடு பேசி முடித்துவிட்டுத்தான் என்று அதற்குப் பிறகு முப்பது வருடம் இஸ்ரேல் தரப்பில் சொன்னார்கள், மேற்கு நாடுகளும் அதையே திருப்பிச் சொன்னன. பேச்சுவார்த்தையே நடக்காதபோது அந்த நிபந்தனை ஒரு தரப்பின் கையில் இருக்கும் பூட்டு. 2025 அங்கீகாரத்தின் பெரிய மதிப்பு என்று நான் நினைப்பது இதுதான், அந்தப் பூட்டை அவர்கள் ஓரளவுக்காவது உடைத்திருக்கிறார்கள்.

ஆனால் உடைப்பதற்குள் என்ன ஆகிவிட்டது என்று பாருங்கள். 1995-இல் போட்ட இரண்டாம் ஆஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று பிரித்தது. ஏ பகுதி நகரங்கள், அங்கே பாலஸ்தீன ஆணையத்தின் (ஆஸ்லோவால் உருவான பாலஸ்தீனத் தன்னாட்சி அமைப்பு) நிர்வாகமும் காவலும். பி பகுதியில் நிர்வாகம் ஆணையத்துக்கு, பாதுகாப்பு இஸ்ரேல் கையில். சி பகுதி முழுக்க இஸ்ரேல் ராணுவத்தின் கட்டுப்பாடு, மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 சதவீதம் அதுதான். இது ஐந்து வருட இடைக்கால ஏற்பாடு, 1999-இல் முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அதே கோடுகள்தான். சி பகுதியில் தன் சொந்த நிலத்தில் ஒரு பாலஸ்தீனக் குடும்பம் அறை கட்ட வேண்டும் என்றால் ராணுவ நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், அந்த அனுமதி அநேகமாகக் கிடைக்காது, கிடைக்காமல் கட்டினால் புல்டோசர் வரும். அதே சி பகுதியில் இஸ்ரேலியர்களின் குடியேற்றங்கள் வளர்கின்றன. ஆஸ்லோ கையெழுத்தான சமயத்தில் கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல் மேற்குக் கரையில் சுமார் 1,10,000 குடியேறிகள் இருந்தார்கள். இன்று 5 லட்சம், கிழக்கு ஜெருசலேமில் தனியாக 2 லட்சத்துக்கும் மேல். அமைதிப் பேச்சு என்ற பெயர் இருந்த காலத்திலேயே இவ்வளவு வளர்ந்தது.

2025 ஆகஸ்டில் இ1 என்ற குடியேற்றத் திட்டத்துக்கு இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவில் இருக்கும் நிலம், சுமார் 3,400 வீடுகள். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் தெரியும், வடக்கே ரமல்லா, தெற்கே பெத்லகேம், இந்த இரண்டுக்கும் நடுவில் பாலஸ்தீனர்களுக்கு மிச்சம் இருக்கும் இணைப்பு அதுதான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிர்த்ததால் இருபது வருடத்துக்கும் மேல் கிடப்பில் கிடந்த திட்டம் இது. பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே இது புதைக்கிறது என்று இஸ்ரேல் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகவே சொன்னார். பிரிட்டனும் பிரான்ஸும் அங்கீகரித்தது அதற்கு அடுத்த மாதம்.

அங்கீகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த நிலத்தை அங்கீகரிக்கிறோமோ அந்த நிலம் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே அறிக்கை விட்டால் போதாது என்கிறேன்.


பொதிகை பதில்:

இந்த இழையில் இஸ்ரேலிய மக்களின் பயத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அதை விட்டுவிட்டு இரு நாடு தீர்வு பற்றிப் பேசினால் பாதிதான் பேசியதாக இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குடியேற்றங்களை நான் ஆதரிக்கவில்லை.

1993-இல் ஆஸ்லோ கையெழுத்தான சமயத்தில் இஸ்ரேலியர்களில் பாதிக்கும் மேல் அதற்கு ஆதரவாகத்தான் இருந்தார்கள். அதற்கடுத்த வருடங்களில்தான் ஹமாஸ் பேருந்துகளில் தற்கொலைக் குண்டு வைத்தது, யூதத் தீவிரவாதி ஒருவன் 1995 நவம்பர் 4 அன்று ராபினையே சுட்டுக் கொன்றான். இரண்டு பக்கத்திலும் சமாதானத்தை விரும்பாதவர்கள்தான் ஜெயித்தார்கள். 2000-இல் கேம்ப் டேவிட் பேச்சு தோற்றது, அதே வருடம் தொடங்கிய இரண்டாவது இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியில் ஆயிரம் இஸ்ரேலியர்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களும் இறந்தார்கள். உணவகம், பேருந்து, கல்யாண மண்டபம் என்று எங்கே வேண்டுமானாலும் குண்டு வெடிக்கும் என்று வாழ்ந்த ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது. 2005-இல் இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோன் காசாவில் இருந்து ராணுவத்தையும் சுமார் 8,000 குடியேறிகளையும் வெளியே கொண்டுவந்தார். 2006 பாலஸ்தீனத் தேர்தலில் ஹமாஸ் ஜெயித்தது, 2007-இல் ஆயுத பலத்தால் காசாவை முழுதாகப் பிடித்தது, ராக்கெட்டுகள் வந்தன, கடைசியில் 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸின் தாக்குதல். ஒரே நாளில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களிலும் கடத்தப்பட்டவர்களிலும் காசா எல்லையோரம் இருந்த கிபுட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக் கிராமங்களில் வாழ்ந்த சமாதான ஆர்வலர்கள்கூட இருந்தார்கள்.

நாங்கள் வெளியேறிய இடத்தில் இருந்துதான் அடி வந்தது, மேற்குக் கரையில் இருந்தும் வெளியேறினால் டெல் அவிவ் பக்கத்திலேயே அது நடக்கும் என்று ஒரு சாதாரண இஸ்ரேலியர் நினைப்பதை வெறும் இனவெறி என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றமான நெசட் 68-க்கு 9 என்ற கணக்கில் பாலஸ்தீன நாட்டுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது, அதில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பென்னி கான்ட்ஸின் அணியும் ஆதரித்தது. நெதன்யாகு போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். ஆயுதம் யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த அங்கீகாரமும் அந்த மக்களின் மனதை மாற்றாது.

அதனால்தான் 2025 ஜூலையில் பிரான்ஸும் சவுதி அரேபியாவும் சேர்ந்து நடத்திய மாநாட்டின் நியூயார்க் பிரகடனத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். அக்டோபர் 7 தாக்குதலை அது கண்டிக்கிறது, ஹமாஸ் காசாவில் ஆட்சியை விட்டு விலகி ஆயுதங்களைப் பாலஸ்தீன ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அரபு லீக் நாடுகளே இதற்குக் கையெழுத்துப் போட்டார்கள். செப்டம்பர் 12 அன்று பொதுச்சபையில் 142 நாடுகள் ஆதரித்தன.


சுலைமான் பதில்:

பொதிகை நிதானமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அக்டோபர் 7 அன்று நடந்தது கொலை, அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன். ஆனால் 2005 பற்றிச் சொன்ன விதத்தில் ஒரு பெரிய விஷயம் விடுபட்டிருக்கிறது.

காசாவில் இருந்து ஷரோன் வெளியேறியது ஒப்பந்தம் எதுவும் இல்லாமல். பாலஸ்தீன ஆணையத்தோடு பேசி, அவர்களிடம் முறையாக ஒப்படைத்து, இதோ பேச்சுவார்த்தையால் கிடைத்த பலன் என்று மக்களிடம் காட்ட அப்பாஸுக்கு வாய்ப்பே தரவில்லை. எங்கள் துப்பாக்கிதான் விரட்டியது என்று ஹமாஸ் சொல்லிக்கொள்ள அது வசதியாகப் போனது. வான்வெளி, கடல், எகிப்து பக்கம் இருக்கும் ரஃபாவைத் தவிர மற்ற எல்லை வாயில்கள் எல்லாம் இஸ்ரேல் கையிலேயே இருந்தன, 2007-க்குப் பிறகு முழு முற்றுகை. 365 சதுர கிலோமீட்டரில் இருபது லட்சம் பேர். அதை வெளியேறிய இடம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த இருபது லட்சம் பேரில் 70,000 பேருக்கு மேல் இந்தப் போரில் இறந்துவிட்டார்கள் என்று காசா சுகாதார அமைச்சகம் சொல்கிறது, இடிபாடுகளுக்குள் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் முழுதாக வரவில்லை. பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்தின் பயத்துக்கு ராணுவம் இருக்கிறது, விமானப்படை இருக்கிறது, இன்னொரு பக்கத்தின் பயத்துக்குக் கூடாரம்கூட இல்லை.

பாதுகாப்புக்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்விக்கு 2002-லேயே ஒரு பதில் வந்தது. பெய்ரூட்டில் கூடிய அரபு லீக், 1967 போருக்கு முன்பிருந்த எல்லைக்கு இஸ்ரேல் திரும்பினால், கிழக்கு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன நாடு அமைந்தால், அகதிகள் பிரச்சனைக்கு ஒப்புக்கொண்ட தீர்வு கிடைத்தால், எல்லா அரபு நாடுகளும் இஸ்ரேலோடு சாதாரண உறவு வைத்துக்கொள்ளும் என்றது. சுற்றியிருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் சமாதானத்துக்கு வருகிறோம் என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்! அதை இஸ்ரேல் அரசு உருப்படியாக எடுத்துப் பேசவே இல்லை. 2020-இல் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் பாலஸ்தீனத்தைத் தள்ளி வைத்துவிட்டு உறவு கொண்டாடியபோது அந்தக் கையிருப்பும் கரைந்தது. எனக்கு அந்த அரசுகள் மேல் இருக்கும் கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலஸ்தீனத் தலைமையின் நிலைமையும் மோசம். அப்பாஸ் 2005-இல் நான்கு வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், இன்றும் அவர்தான் அதிபர். நாடாளுமன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். காசாவில் இன்று இருபது வயதில் இருக்கும் யாரும் ஒருமுறைகூட தேசியத் தேர்தலில் வாக்களித்ததில்லை. இஸ்ரேல் சிறையில் இருக்கும் பாலஸ்தீனத் தலைவர் மர்வான் பர்கூத்தி தேர்தலில் நின்றால் அப்பாஸைத் தோற்கடிப்பார் என்றுதான் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. போர் நின்ற ஒரு வருடத்துக்குள் தேர்தல் நடத்துகிறோம் என்று அப்பாஸ் 2025-இல் உறுதி கொடுத்திருக்கிறார். அங்கீகரித்த நாடுகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும், அதே சமயம் கிழக்கு ஜெருசலேமில் வாக்குப்பெட்டி வைக்க இஸ்ரேல் அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். 2021-இல் அறிவித்த தேர்தலை அப்பாஸ் தள்ளிவைத்தபோது சொன்ன காரணம் அதுதான்.


நிலவன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு துணைக் கேள்விகள். குடியேற்றங்கள் இவ்வளவு தூரம் போய்விட்ட பிறகு, ஒரே நாடு, எல்லோருக்கும் சம வாக்குரிமை என்று போவது நேர்மையான வழி இல்லையா? அப்புறம் இந்தியா இதில் எந்தப் பக்கம்? ஒரு முறை ஆதரவு என்கிறார்கள், ஒரு முறை வாக்களிக்கவில்லை என்கிறார்கள்.


கயல்விழி பதில்:

இந்தியாவைப் பற்றி முதலில். 1947-இல் ஐ.நா. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் 181-ஆவது தீர்மானத்தை எடுத்தபோது ஆதரவு 33, எதிர்ப்பு 13, அந்த 13-இல் இந்தியாவும் ஒன்று. அதற்கு முந்தைய ஐ.நா. விசாரணைக் குழுவில் இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் சேர்ந்து, பிரிக்க வேண்டாம், கூட்டாட்சியாக ஒரே நாடு என்று தனிப் பரிந்துரை கொடுத்தன. நீங்கள் இப்போது கேட்கும் கேள்விக்கு அது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. 1974-இல் அரபு அல்லாத நாடுகளில் முதலாவதாக பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்தது, 1988 நவம்பர் 18 அன்று, அதாவது பிரகடனம் வந்த மூன்றாவது நாளே, நாட்டையும் அங்கீகரித்தது. 1992-இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு. அதன் பிறகு ஆயுதம், விவசாயம், தொழில்நுட்பம் என்று அந்த உறவு நெருக்கமானது. 2018-இல் மோடி ரமல்லாவுக்கும் போனார், அங்கே போன முதல் இந்தியப் பிரதமர் அவர்தான்.

வாக்குகளைப் பார்த்தால்தான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம் தெரியும். 2024 மே மாதம் பாலஸ்தீனத்துக்குக் கூடுதல் உரிமை தரும் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவு. அதே வருடம் செப்டம்பரில், ஆக்கிரமிப்பை 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற தீர்மானத்தில் வாக்களிக்கவில்லை. 2025 ஜூனில் காசா போர்நிறுத்தத் தீர்மானத்தில் 149 நாடுகள் ஆதரித்தும் இந்தியா ஒதுங்கி நின்றது. செப்டம்பரில் நியூயார்க் பிரகடனத்துக்கு ஆதரவு. எதிர்காலத்தில் நாடு வேண்டும் என்று கேட்கும் தீர்மானம் என்றால் கை தூக்குகிறது, இஸ்ரேல் இப்போது எதையாவது செய்ய வேண்டும், நிறுத்த வேண்டும் என்று கேட்டால் பல சமயம் ஒதுங்குகிறது. இது எனக்கு வேதனையாக இருக்கிறது. காலனி ஆட்சியில் இருந்து வந்த ஒரு நாடு பொதுமக்கள் பட்டினி கிடக்கும்போது போரை நிறுத்து என்று சொல்லக்கூடத் தயங்கியிருக்க வேண்டாம்.

ஒரே நாடு பற்றி. ஜோர்டான் நதிக்கும் கடலுக்கும் நடுவில் யூதர்கள் சுமார் 70 லட்சம், பாலஸ்தீனர்களும் ஏறத்தாழ அதே அளவு. சம வாக்குரிமை உள்ள ஒரே நாடு என்ற கோரிக்கை நியாயமானது, அதை முன்வைக்கும் பாலஸ்தீனர்கள், யூதர்கள் பலரை மதிக்கிறேன். ஆனால் அதற்கு இன்று இரண்டு சமூகத்திலும் பெரும்பான்மை இல்லை. நடைமுறையில் இப்போது இருப்பதே ஒரே ஆட்சிதான், அதில் ஒரு சாராருக்கு வாக்கு உண்டு, மேற்குக் கரையில் ராணுவச் சட்டத்தின் கீழ் இருப்பவர்களுக்கு இல்லை. இரு நாடு தீர்வைக் கைவிட்டால் அடுத்து வருவது சமத்துவமான ஒரே நாடாக இருக்கும் என்பதற்கு எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. குடியேற்றங்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான குடியேறிகள் 1967 கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய தொகுதிகளில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் 2001 தாபா பேச்சிலும் 2008-இல் அன்றைய இஸ்ரேல் பிரதமர் எஹுத் ஓல்மெர்ட் அப்பாஸிடம் வரைபடம் காட்டியபோதும் நிலப் பரிமாற்றம் என்ற வழி பேசப்பட்டது. முடியாது என்று யாராவது சொன்னால் அவர்கள் அரசியலைச் சொல்கிறார்கள், நிலத்தை அல்ல. ஆனால் இ1 கட்டி முடித்தால் நிலமும் அவர்கள் பக்கம் போய்விடும்.


வடகரை பதில்:

கயல்விழி கடைசியில் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் நான் மறுபடி வருகிறேன். நேரம் இல்லை.

அங்கீகரித்த நாடுகள் செய்யக்கூடியது என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து ஒன்று கொடுத்தது. ஆக்கிரமித்த நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம், முடிந்தவரை சீக்கிரம் வெளியேற வேண்டும் என்றது. பலரும் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே கருத்தில் மற்ற நாடுகளுக்கும் கடமை சொல்லியிருக்கிறது: இந்த நிலையை சட்டப்படியானது என்று ஏற்கக் கூடாது, அது நீடிக்க உதவக் கூடாது, வர்த்தகத்தில் இஸ்ரேலையும் ஆக்கிரமித்த பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதாவது ஒரு நாடு 1967 கோட்டை எல்லை என்று மனப்பூர்வமாக அங்கீகரித்தால், அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் குடியேற்றத்தில் விளைந்த பேரீச்சம்பழமும் ஒயினும் தன் துறைமுகத்தில் இறங்குவதை நிறுத்த வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் அந்தப் பொருட்களில் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது. ஸ்லோவேனியா 2025 ஆகஸ்டில் இறக்குமதியையே தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் நாடு அது, இருபது லட்சம் மக்கள் மட்டுமே உள்ள சின்ன நாடு. அடுத்த மாதம் ஸ்பெயினும் அதையே செய்தது, ஆயுதத் தடையையும் சட்டமாக்கியது. பிரிட்டனும் பிரான்ஸும் அந்த அளவுக்கு வரவில்லை.

இதோடு பணம். 1994 பாரிஸ் உடன்படிக்கைப்படி பாலஸ்தீனத்துக்குள் வரும் பொருட்களுக்கான சுங்கத்தையும் வரியையும் இஸ்ரேல் வசூலித்து மாதாமாதம் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் வருமானத்தில் பாதிக்கும் மேல் இதுதான். 2025-இல் பல மாதங்கள் இந்தப் பணத்தை ஸ்மோட்ரிச் நிறுத்தி வைத்தார். ரமல்லாவில் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சம்பளத்தில் ஒரு பகுதிதான் கிடைத்தது, பள்ளிகள் வாரத்தில் சில நாள்தான் நடந்தன. ஒரு நாட்டை அங்கீகரித்துவிட்டு அதன் கருவூலம் அடுத்தவர் கையில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்? நிலவன் கேட்ட அந்த சாதாரண மனிதருக்கு அங்கீகாரம் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். அந்த ஆசிரியரின் சம்பளம், அந்தக் குடும்பத்தின் கட்டட அனுமதி.


பொதிகை பதில்:

வடகரை, குடியேற்றப் பொருட்களுக்குத் தடை என்பதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். அது இஸ்ரேல் என்ற நாட்டுக்கு எதிரானது இல்லை, கோட்டுக்கு அப்பால் நடப்பதற்கு எதிரானது, இந்த வித்தியாசத்தை இஸ்ரேலிலேயே பலர் புரிந்துகொள்வார்கள். கூடவே 2025 நவம்பர் 17 அன்று பாதுகாப்பு சபை எடுத்த 2803-ஆவது தீர்மானத்தையும் பாருங்கள். காசாவுக்கு சர்வதேசப் படையும் அமைதி வாரியமும் அமைக்கும் தீர்மானம், அமெரிக்காவே கொண்டுவந்தது, ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்கவில்லை, எதிர்ப்பு இல்லை. பாலஸ்தீன ஆணையம் சீர்திருத்தங்களை நிறைவேற்றி, காசாவின் மறுகட்டுமானமும் முன்னேறினால், தனிநாட்டுக்கு நம்பகமான பாதைக்கான சூழல் உருவாகலாம் என்று அதில் ஒரு வாசகம் இருக்கிறது. நிபந்தனை மேல் நிபந்தனை, "உருவாகலாம்" வேறு. ஆனாலும் 2024-இல் எதிர்த்து வாக்களித்த அமெரிக்கா அந்த வாசகத்தைத் தானே எழுதியிருக்கிறது, 157 நாடுகளும் அதைப் பிடித்துக்கொண்டு எந்தத் தேதிக்குள் என்று கேட்கலாம்.


சுலைமான் பதில்:

தேதி கேட்கட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் கேட்பவரின் கையில் ஏதாவது இருக்க வேண்டும். இஸ்ரேலின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி ஐரோப்பிய ஒன்றியம்தான், இஸ்ரேலுடனான ஒப்பந்தத்தில் இருக்கும் வரிச் சலுகைகளை நிறுத்தலாம் என்று ஐரோப்பிய ஆணையமே 2025 செப்டம்பரில் முன்மொழிந்தது. அதற்குப் போதுமான பெரும்பான்மை கிடைக்கவில்லை, ஜெர்மனியும் இத்தாலியும் சம்மதிக்கவில்லை. அங்கீகரிக்காத பெரிய ஐரோப்பிய நாடுகளும் அவர்கள் இருவர்தான். அங்கீகரித்த பட்டியலில் 158-ஆவது நாடு எது என்பதைவிட பெர்லினும் ரோமும் அந்த ஒரு வாக்கெடுப்பில் என்ன செய்யப் போகின்றன என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.